வண்டிக்கு ஒரு பங்கு

நவநீதன் எழுந்ததும் முதலில் வெந்நீர் வைப்பான். அது காய்வதற்குள் வாசலைக் கூட்டி, குடத்தை நிரப்பி, மகள் மொழியின் யூனிபாரத்தை இஸ்திரி போடுவான். பிறகு அவளை எழுப்பிச் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைப்பான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அவள் கால்களைத் தொடையிலிருந்து கீழ்நோக்கி நீவுவான். இடது கால் விறைப்பு அதிகம். அது இளகும் வரை அவசரப்படக் கூடாது. அப்புறம் பல் தேய்த்துவிட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், இரட்டைப் பின்னல் போட வேண்டும். பின்னல் அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. ஒன்று காதுக்கு மேலே நிற்கும், மற்றது தோளுக்குக் கீழே தொங்கும். மொழி கண்ணாடியில் பார்ப்பாள். இட்லியை அவன் ஊட்டுவான். கடைசி இட்லியை அவளே பிய்த்துத் தின்பாள். அதில் பாதி தரைக்குப் போகும். தரையைத் துடைப்பான். தண்ணீர் பாட்டில், மாற்று உடுப்பு, துண்டு. பையை மூடுவான்.

எல்லாம் அவன் மனைவி மலர்க்கொடி செய்த வேலைகள். தை மாதக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவள் செய்த அதே வரிசையில் அவன் செய்தான். வேறு வரிசை அவனுக்குத் தெரியாது.

"மாமா! வண்டிய எறக்குங்க, நேரமாவுது!"

வாசலில் ஆனந்தராஜ் நின்றான். மொழியோடு மூன்றாம் வகுப்பில் படிக்கிறவன். அவனுக்குப் பின்னால் நௌஷினும் இன்னும் இரண்டு பேரும். ஆனந்தராஜின் தோளில் வலைக்கயிறு ஒன்று சுருட்டிக் கிடந்தது.

வண்டி என்பது மொழியின் சக்கர நாற்காலி. காரைக்காலில் நடந்த முகாமில் கொடுத்தார்கள். சிமெண்டுத் தரைக்கு நல்ல நாற்காலிதான். ஆனால் கோட்டுச்சேரிமேட்டில் வீட்டுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் கிடப்பது மணல். முன்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்துகொள்ளும். மலர்க்கொடி தள்ளிப் பார்த்துவிட்டு, அதை மடித்து மூலையில் சாய்த்தாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே போய்வந்தாள். அவள் போன பிறகு நவநீதன் தூக்கினான். ஒரு நாள் ஆனந்தராஜ் எதிரே வந்து நின்று கேட்டான்.

"ஏன் மாமா தூக்கிட்டுப் போறீங்க? படக எப்டி இழுக்குறாங்க? அப்டி இழுத்தா வராதா?"

வந்தது. நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரம் முன்னால் போகும்படி வைத்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு பேர் இழுத்தார்கள், இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஏலேலோ பாடி ஏலம் போடுவது மொழியின் வேலை. அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தும் இழுத்து இழுத்து வரும். இழுவைக்கு அந்த நீளம் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஏ...லே...லோ..."

"ஐலசா!"

பள்ளிக்கூடம் சேர்ந்ததும், யாராவது கொண்டுவந்த கடலை மிட்டாயோ கொடுக்காப்புளியோ பங்கு பிரியும். இழுத்தவர்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. ஏலம் போட்டவளுக்கு ஒரு பங்கு. வண்டிக்கு ஒரு பங்கு.

"வண்டி மிட்டாய் திங்குமாடா?" என்று ராஜம் டீச்சர் கேட்டதற்கு, ஆனந்தராஜ் அவரை ஐயோ பாவம் என்பது போலப் பார்த்தானாம்.

"படகுக்குப் பங்கு எடுத்து வைக்காம யாரு டீச்சர் தொழில் பண்றா? உங்கள மாதிரி வரிச்சிக்குடில வயலு இருக்குறவங்களுக்கு இது தெரியாது."

வண்டியின் பங்கு வண்டிக்காரிக்கு. ஆகவே மொழிக்கு எப்போதும் இரட்டைப் பங்கு. ஜூன் மாதத்தில் அவள் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

*

பள்ளித் தாழ்வாரத்தில், மூன்றாம் வகுப்பு வாசலை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. மொழியை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஹெச்.எம். சிவநாதன் சொல்லியிருந்தார்: "சேத்துக்குறோம்மா. ஆனா வீட்டு ஆளு ஒருத்தர் பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் கூடவே இருக்கணும். அதான் ரூல்." மலர்க்கொடி அப்போது காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். மறுநாளே நின்றுகொண்டாள். அந்த ஸ்டூலில் இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். மகள் கை தூக்கினால் எழுந்து போவாள், வேலை முடிந்தால் வந்து உட்காருவாள். மற்ற நேரத்தில் கடலை ஓடு உரிப்பது, பூக்கட்டுவது, அடுத்த வகுப்புப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவது.

அவளுக்குப் பிறகு சித்திரை வரை நவநீதனின் அக்கா வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் குடும்பம் இருந்தது. லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஸ்டூலில் நவநீதனே உட்கார்ந்தான். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனிக்கு வேலை குறைவு, லீவு கொடுத்திருந்தார்கள்.

தடைக்காலம் முடிந்தது. மேனேஜர் போன் செய்தார்.

"நவநீதன், போட்டெல்லாம் ஐஸுக்கு வரிசையா நிக்குது. கம்ப்ரசர்ட்ட ஆளு இல்ல. திங்கக்கெழம வர்றியா, வேற ஆளப் போடவா?"

"வர்றேன் சார்."

சொல்லிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து ஹெச்.எம். அறைக்குப் போனான்.

சிவநாதன் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்னா பண்றது தம்பி? புள்ள விழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலதான் உருளும். வெள்ளிக்கெழம கல்வி ஆபீஸ்லேருந்து மேடம் வர்றாங்க. ஆளு இல்லாம இந்தப் புள்ள வகுப்புல இருக்கலாமான்னு அவங்களே பாத்துச் சொல்லட்டும். முடியாதுன்னா வீட்டுலயே வச்சு படிக்க வைக்கிற திட்டம் இருக்கு. வாரத்துக்கு ஒரு நாளு டீச்சர் வீட்டுக்கு வருவாங்க."

"மத்த நாளு சார்?"

"மத்த நாளு... வீட்டுலதான்."

வெளியே வந்தான். சமையல்கட்டு வாசலில் மாரிக்கண்ணு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு சமைக்கிறவள். அவள் காதுக்குத் தப்பி அந்தப் பள்ளிக்கூடத்தில் எதுவும் நடக்காது.

"பாத்ரூமுக்குத்தான பயப்படுறாரு அந்த ஆளு? நான் தூக்கிட்டுப் போறேன் தம்பி. மலரு ஒரு நாளும் என்னத் தூக்க உட்டதில்ல. 'என் புள்ள, நான் பாத்துக்குறேன்க்கா'ம்பா." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "சாவும்போதுகூட புள்ளயப் பாத்துக்கன்னுதான சொல்லிட்டுப் போனா?"

நவநீதன் தலையை ஆட்டினான்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனந்தராஜ் வீட்டுக்கு வந்தான். முகம் பெரிய மனுஷனைப் போல இருந்தது.

"மாமா, வண்டிய இன்னிக்கி எங்கள்ட்ட உடுங்க. கரையேத்தி வேல பாக்கணும். சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்துது. மேடம் வந்து கேட்டா மானம் போயிடும்."

உப்புக் காற்றில் சக்கரத்தில் துரு ஏறியிருந்தது உண்மை. கொடுத்தான். எதற்கும் இல்லை என்று சொல்லும் தெம்பு அவனிடம் இல்லை.

காலையில் வாசல் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. வண்டி மின்னியது. சட்டத்தில் படகுப் பெயிண்டில் பச்சைக் கோடு. முதுகுப்பக்கம் படகுக்கு எழுதுவது போல ஒரு நம்பர். அதற்குக் கீழே, சாமி பெயர் எழுதுகிற இடத்தில், கோணல் மாணலாக: 'சிவநாதன் சார் துணை'.

"மேடம் பாத்தா ஹெச்.எம். சார் சந்தோசப்படுவாருல்ல?" என்றாள் நௌஷின்.

"அது இருக்கட்டும். என்னடா நாத்தம் இது?"

"சுறா எண்ண மாமா," என்றான் ஆனந்தராஜ். "நங்கூரச் சங்கிலிக்குப் பூசுவோம்ல, அது. ஜென்மத்துக்கும் துருப் புடிக்காது. ஒரு டப்பா முழுக்க ஊத்திட்டோம்."

சக்கரத்தில், அச்சில், கைப்பிடியில், கம்பிக்குக் கம்பி எண்ணெய் வழிந்தது. நவநீதன் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தான். எண்ணெய் போகவில்லை. அவன் கையும் நாறியது. வாசல் மதிலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து அவன் வேலையை உன்னிப்பாகப் பார்த்தது.

வேறு வழியில்லை. மொழியை ஏற்றினான்.

"ஏ...லே...லோ..."

"ஐலசா!"

சக்கரம் சத்தமே போடவில்லை. சத்தமெல்லாம் பின்னால் வந்தது. முதலில் மதில் பூனை. அடுத்த வீட்டுக் கடுவன். கருவாடு காய்கிற இடத்தில் படுத்துக் கிடந்த குட்டிகள். தார்ரோடு ஏறுவதற்குள் குப்பத்துப் பூனையெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தன. ஐஸ் பெட்டி ஏற்றிய டிவிஎஸ்-50காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "என்னப்பா, சாமி ஊர்வலமா?"

மொழி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் உடம்பு முழுவதும் சிரிக்கும். கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் உதறும். ஏலம் நின்றுபோனது. இழுத்தவர்களும் கயிற்றைப் போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். நவநீதன் மட்டும் பூனைகளைத் துரத்திக்கொண்டிருந்தான். ஒன்றைத் துரத்தினால் இரண்டு வந்தன.

*

மேடம் வந்த ஜீப் நின்றபோது, மூன்றாம் வகுப்பில் மொழியின் நாற்காலிக்கு அடியில் பூனைகள் சக்கரத்தை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று ராஜம் டீச்சரின் மேஜையில் ஏறி வருகைப் பதிவேட்டின் மேல் படுத்திருந்தது. சிவநாதன் சார் கையில் கம்போடு வந்தார். அவர் ஓங்கிய கம்புக்குப் பூனை அசையவில்லை. ராஜம் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

மேடம் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"என்ன சார் இது? பள்ளிக்கூடமா, மீன் மார்க்கெட்டா?"

"இல்ல மேடம், அது வந்து..." சிவநாதன் நாற்காலியின் முதுகைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். கம்பைக் கீழே போட்டார்.

நவநீதன் தாழ்வாரத்தில் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை வேலை போய்விட்டது என்று நினைத்தான். பிறகு, அது போனால் போகட்டும், மொழிக்குப் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தான். இரண்டில் ஒன்று நிச்சயம் போகும் என்று பட்டது.

மேடம் மொழியின் எதிரே குனிந்தார்.

"உம் பேரு என்னம்மா?"

"த...மி...ழ்..."

"தமிழா? நல்ல பேரு. சரி, நீ..."

"இருங்க மேடம்," என்றாள் நௌஷின். "அவ இன்னும் முடிக்கல."

வகுப்பு அப்படியே நின்றது. சிவநாதன் சாருக்கு வேர்த்தது. மேடம் நௌஷினைப் பார்த்தார். மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். யாரும் நெளியவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் மொழியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அது அவர்களுக்குத் தினமும் நடக்கிற காரியம்.

"...மொ...ழி."

"தமிழ்மொழி," என்றார் மேடம். நிமிர்ந்தவர் தாழ்வாரத்திலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கைக்குட்டையை மடியில் வைத்தார். "மன்னிச்சுக்கம்மா. இப்ப சொல்லு, பள்ளிக்கூடம் புடிச்சிருக்கா?"

மொழி வாயைத் திறந்தாள். நேரம் எடுத்தது. நௌஷின் அருகில் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"ரொம்பப் புடிச்சிருக்காம் மேடம். ஹெச்.எம். சார் தங்கமானவராம்."

மொழி தலையைப் பலமாக ஆட்டினாள். "சொ...ல்ல...ல."

"சரி சரி, அது நானா சேத்தது. இவ என்னா சொல்றான்னா, பூனைக்கும் அட்டெண்டன்ஸ் போடணுமாம்."

மேஜை மேல் படுத்திருந்த பூனை கொட்டாவி விட்டது. மேடம் சிரித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்து ராஜம் டீச்சர் முந்தானையை எடுத்தார். தாழ்வாரத்தில் யாரோ கட்டையாகச் சிரிக்கிற சத்தம் கேட்டு நவநீதன் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. சிரித்தது அவன்தான்.

அதற்குள் இடைவேளை மணி அடித்தது. ஆனந்தராஜ் விசில் கொடுத்தான். வகுப்பு வாசலில் சாய்தளம் கிடையாது, படிதான். இரண்டு பேர் ஓடிப்போய்ப் படகு இறக்கப் போடும் பலகையை எடுத்துவந்து படியில் சாய்த்தார்கள். ஒருவன் கயிற்றைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, நாற்காலி பூப்போல இறங்கியது. கீழே மாரிக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வாடி என் கப்பக்காரி."

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் நடந்தாள். பூனைகள் நாற்காலியோடு இருப்பதா, அவளோடு போவதா என்று குழம்பி, இரண்டாகப் பிரிந்தன.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா பாத்துக்குறாங்களே சார். ஆனா இதெல்லாம் பிள்ளைங்களும் சமையல்காரம்மாவும் செய்யுற வேலை இல்ல. உதவியாளர் போஸ்ட் ஒண்ணு கேக்கணும். நான் எழுதறேன். எப்ப வரும்னு எனக்கும் தெரியாது. புள்ள இங்கயே படிக்கட்டும்."

"அப்ப வீட்டு ஆளு மேடம்?" சிவநாதன் தயங்கினார்.

"என்ன வீட்டு ஆளு?"

"கூட உக்காரணும்ல. இப்ப நீங்க உக்காந்தீங்களே, அந்த ஸ்டூல்ல. இவரு சம்சாரம் ரெண்டு வருசம் உக்காந்திருந்தாங்க."

"எதுக்கு?"

"ரூல்..."

"அப்படி ஒரு ரூலே கிடையாதே சார்."

சிவநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"எனக்கு முன்னாடி இருந்த ஹெச்.எம். சொன்னாரு மேடம்," என்றார்.

ராஜம் டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: "நான்கூட லீவு போட்டிருக்கேன் மேடம். அவ ஒரு நாளும் போட்டதில்ல."

ஒரு குட்டி ஸ்டூலில் ஏறிச் சுருண்டுகொண்டது.

*

ஜீப் போனதும் பள்ளிக்கூடமே திருவிழா ஆனது. மேடத்துக்காக வாங்கிய பிஸ்கட் தட்டில் அப்படியே இருந்தது. "எடுத்துட்டுப் போங்கடா," என்று சிவநாதன் சார் தட்டோடு கொடுத்துவிட்டார். ஆனந்தராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பங்கு பிரித்தான். சுற்றிலும் பிள்ளைகளும் பூனைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நவநீதன் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப நின்றான். மேனேஜரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றிருந்தான்.

"இழுத்தவங்களுக்கு. தள்ளுனவங்களுக்கு. ஏலம் போட்டதுக்கு மொழிக்கு. வண்டிக்கு."

"பூ...னை..."

"பூனைக்கு எதுக்குடி? சும்மா கூட நடந்து வந்தா பங்கா?" என்றாலும் ஒரு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டான். பூனைகள் மோந்து பார்த்துவிட்டுச் சக்கரத்துக்கே திரும்பின. ஆனந்தராஜ் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தான். எழுந்து வந்து, குட்டியைத் தள்ளிவிட்டு, நீல ஸ்டூலின் மேல் வைத்தான்.

"அது யாருக்குடா?" என்று நவநீதன் கேட்டான்.

"மொழி அம்மாவுக்கு."

நவநீதன் அவனைப் பார்த்தான்.

"தெனமும், நீங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் போற நேரமாப் பாத்து வைப்போம் மாமா. அப்பறம் மொழிதான் எடுத்துக்கும். கடலுக்கு வந்த ஆளு செத்துப் போயிட்டா, வருசம் திரும்புற வரைக்கும் பங்கு அவங்க வீட்டுக்குப் போவும். எங்க சித்தப்பாவுக்கு அப்டித்தான் குடுத்தாங்க." அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். "அவங்களும் தெனம் வேலைக்கு வந்தாங்கல்ல?"

"வந்தா," என்றான் நவநீதன்.

அந்தப் பக்கம் மொழி வாய் நிறைய பிஸ்கட்டோடு ஏலம் போட முயன்றாள். பொடி எல்லோர் மேலும் தெறித்தது. எல்லோரும் ஐலசா போட்டார்கள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் அதையேதான் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று அவன் சொல்லிவைத்தான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறிய கையை லேசாகத் தூக்கி, அவனைக் கிட்டே வரச் சொன்னாள். அவன் காதைக் கொடுத்தான்.

"ஏங்க, டீச்சர்ட்ட கேட்டுப் பாருங்களேன், நாளைக்கு ஒரு நாளு எனக்கு லீவு குடுப்பாங்களான்னு."